குழியில் ஊற்றிய தண்ணீர்

ஆம்பூரில் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் காலையில் முதலில் பேசுவது கன்னியப்பனின் கைதான் என்பார்கள். வாய் இல்லை, கை.

விடிந்து வெளிச்சம் பரவியதும் பல்லை மட்டும் துலக்கிவிட்டு, கூழ்கூடக் குடிக்காமல் வருவான். ஆறு சுண்ணாம்புக் குழிகளில் எது முற்றியிருக்கிறதோ அதன் விளிம்பில் குந்துவான். ஆட்கள் இருபது பேரும் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. யார் போட்ட சட்டம் என்று தெரியாது, அப்படித்தான் நடந்து வந்தது. கன்னியப்பன் முழங்கை வரை குழிக்குள் விட்டு, ஊறிக் கிடக்கும் தோல்களில் ஒன்றின் கழுத்துப் பக்கத்தை மேலே இழுப்பான். கட்டைவிரலால் முடியை ஒரு தள்ளு தள்ளுவான். வெந்நீரில் முக்கிய கோழியின் இறகு மாதிரி அது வழுக்கிக்கொண்டு வந்தால், தோலை அப்படியே தூக்கி விளிம்பில் போடுவான். உடனே ஆட்கள் கத்தியும் பலகையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். வரவில்லை என்றால் தோலை உள்ளே நழுவவிட்டு, மூங்கில் கழியால் குழியை ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு எழுந்து போவான். எழுந்து போனால் இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரு வார்த்தை தேவைப்பட்டதில்லை.

வெயில் காலத்தில் ஐந்து நாளில் பதம் வந்துவிடும். பனிக்காலத்தில் எட்டு, ஒன்பது நாள்கூட ஆகும். ஒரு நாள் முந்தினால் முடியைப் பலவந்தமாக வழிக்க வேண்டும், தோலில் கத்தி ஏறிவிடும். ஒரு நாள் பிந்தினால் தோலின் முகம் தளர்ந்து தொளதொளத்துப் போகும். அதைச் சீமையில் எவனும் வாங்கமாட்டான். அந்த ஒரு நாளைத் தாண்டி, முடி வழித்து, ஆவாரம்பட்டைத் தொட்டிக்குப் போய்விட்டால் பிறகு அவசரமே இல்லை. அங்கே தோல் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்துக் கிடக்கும்.

கன்னியப்பனுக்கு நாற்பது வயது. மேஸ்திரியாகிப் பதினாறு வருஷம். இந்தப் பதினாறு வருஷத்தில் அவனிடம் ‘இன்னிக்கா?’ என்று பார்வையால் கேட்டிருக்கிறார்களே தவிர, ‘எந்த நாள்?’ என்று முன்கூட்டி ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் தேவசகாயம்.

தேவசகாயம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கன்னியப்பனின் தெருக்காரன், பத்து வயது இளையவன். போதகராகப் படிக்கப் போய் இரண்டு வருஷத்தில் தகப்பன் செத்ததால் திரும்பி வந்துவிட்டான். அந்த இரண்டு வருஷத்தில் படித்த கொஞ்சம் கிரேக்க பாஷை, நகக்கண்ணில் ஏறிய சுண்ணாம்பு மாதிரி அவனை விட்டுப் போகவில்லை. டேனரிக்காரர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவனும் அவன்தான். சங்கம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது. சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

விஷயம் சுப்பராயனுடையது. சுப்பராயன் கன்னியப்பனின் மனைவி எல்லம்மாவுக்குத் தம்பி. ஒன்பது வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் நின்றவன். இரண்டு உள்ளங்கையையும் சுண்ணாம்பு தின்றுவிட்டது. வெடிப்பில் ரத்தம் கசிந்து, கழியைப் பிடிக்கவே முடியாமல் தடுமாறினான். கன்னியப்பன்தான் அவனிடம், கை ஆறுகிற வரைக்கும் குழிப்பக்கம் வராதே என்று நல்லதுக்குச் சொன்னான். அவன் வராமல் இருந்த மூன்றாம் நாளே குமாஸ்தா வேறு ஆளை எடுத்துவிட்டார். சாயபுவிடம் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று கன்னியப்பனுக்குத் தெரியும். சொல்லப் போனான். முதல் தடவை போனபோது சாயபு மதராஸ் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார், தோல் விலை இறங்கியிருந்தது. இரண்டாம் தடவை தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை ராணிப்பேட்டையிலிருந்து வந்த விருந்தாளிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிரிக்கிற நேரத்தில் அழுகிற சமாசாரத்தை எடுப்பதா என்று திரும்பிவிட்டான். இப்படியே மூன்று வாரம் ஓடிப்போயிற்று. அதற்குள் சுப்பராயன் வீட்டில் அடுப்பு ஒருவேளைக்கு இறங்கிவிட்டது.

எல்லம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு நாள் சோறு போட்டுவிட்டு, “குழிக்குத்தான் உன் கை பேசும். ஆளுக்குப் பேசாது,” என்றாள். கன்னியப்பன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்த பிறகும் வெகுநேரம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிற்பகல் பாலாற்று மணலில் கூடினார்கள். இந்தக் குழி ஆட்கள் இருபது பேர், தேவசகாயம், வேலையில்லாத சுப்பராயன். கேட்க வேண்டியது இரண்டு: சுப்பராயனை ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இனிமேல் கை வெந்துபோகிற யாராக இருந்தாலும் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது, ஆறுகிற வரை பட்டைக் கொட்டகையில் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்துவது. அதில் எல்லோருக்கும் சம்மதம். எப்போது நிறுத்துவது என்பதில்தான் கன்னியப்பன் மாட்டிக்கொண்டான்.

தேவசகாயம் கணக்காக யோசித்து வைத்திருந்தான். தோல் பட்டைத் தொட்டியில் கிடக்கும்போது வேலையை நிறுத்தினால் சாயபுவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சிரித்துக்கொண்டே காத்திருப்பார். சுண்ணாம்புக் குழியில் பதம் வந்த அன்று நிறுத்தினால் அன்றே பேசியாக வேண்டும். போன வருஷம் வேறொரு டேனரியில் அப்படி நிறுத்தியபோது, முதலாளி வாணியம்பாடியிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து காரியத்தை முடித்துவிட்டார். ஆகவே இந்தத் தடவை வாணியம்பாடியிலும் அதே நாளில் வேலையை நிறுத்தப் பேசி வைத்திருக்கிறது. அவர்களுக்கும் கை வேகிற கஷ்டம் உண்டு. ஆனால் அவர்களுக்கு நாள் சொல்லியாக வேண்டும்.

கன்னியப்பன், நாள் வருகிறபோதுதான் தெரியும் என்றான். முன்னால் தெரியாதா என்று தேவசகாயம் கேட்டான். கையை விட்டுப் பார்த்தால் இன்றைக்கா இல்லையா என்று மட்டும்தான் தெரியும், எந்த நாள் என்று கைக்குத் தெரியாது என்றான் கன்னியப்பன்.

அப்போதுதான் தேவசகாயம் அந்தக் கதையை எடுத்தான். கிரேக்கர்களுக்கு நேரத்துக்கு இரண்டு சொல் உண்டாம். மணிக்கூண்டில் அடிக்கிற நேரம் ஒன்று. கனிந்து வருகிற நேரம் இன்னொன்று, அதற்குக் கைரோஸ் என்று பெயர். வேதத்தில் கர்த்தருடைய வேளை என்று வருகிற பல இடங்களில் அந்தச் சொல்தானாம். இப்போது பட்டணத்தில் மேடைப் பேச்சுக்காரர்களும் அதைச் சொல்கிறார்களாம், எந்த நேரத்தில் எந்த வார்த்தையைப் போட்டால் கூட்டம் எழும் என்று. அந்தக் காலத்தில் அதையே ஒரு தெய்வமாகச் சிலை வைத்திருக்கிறார்கள். காலில் சிறகு. நெற்றியில் கற்றையாக முடி, பின்மண்டை சுத்த வழுக்கை. எதிரே வரும்போது முன்முடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாண்டிவிட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். கன்னியப்பன் கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “முன்னால முடி, பின்னால மொட்டைன்னா அது மூணு நாள்ல எடுத்த தோலு, வாத்யாரே. இன்னும் பதமே வரல.”

மணலே அதிர்வது போலச் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தான். கன்னியப்பன் சிரிக்கவில்லை, அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. “எங்களுக்கு முடி கையோட வந்தாத்தான் நேரம். உங்க சாமிக்கு முடி கையோட வந்துட்டா சாமி போய்டும். எது சரின்னு எனக்குப் புரியல,” என்றான்.

புரியாதது அது ஒன்று மட்டும் இல்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றும் சொல்கிறார்கள், பொறுத்தார் பூமி ஆள்வார் என்றும் சொல்கிறார்கள். சொன்னவர்கள் இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்லியிருப்பார்கள். காற்று அடிக்கிறதா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்பதை எதை வைத்துச் சொல்வது? குழிக்குத் தோலின் கழுத்து இருக்கிறது. மற்ற காரியங்களுக்குக் கழுத்து எங்கே இருக்கிறது?

அவர்கள் விடவில்லை. ஒரு நாளைச் சொல்லு மேஸ்திரி, ஒரு நாள் என்றார்கள். ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சுப்பராயன் மட்டும் கேட்கவில்லை, துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றின் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேட்காமல் இருந்ததுதான் கன்னியப்பனை அதிகம் நெருக்கியது. ஐப்பசி மாசம், நாலு நாளாக மேகமூட்டம், குழி குளிர்ந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை போட்ட தோல். விரலை மடக்கினான். “வியாழக்கிழமை,” என்றான்.

அன்று மாலையே வாணியம்பாடிக்கு ஆள் போய்விட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் மேகம் கலைந்தது. மழைக்காலத்தில் எப்போதாவது வருமே, மண்டையைப் பிளக்கிற வெயில், அது வந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க அடித்தது. சாயங்காலம் கன்னியப்பன் குழித் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிரவு அவன் தூங்கினானா என்று அவனுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை காலை குழி விளிம்பில் குந்தினான். இருபது பேரும் தள்ளி நின்றார்கள். கையை விட்டு ஒரு கழுத்தை இழுத்தான். கட்டைவிரலை வைத்தான். தள்ளக்கூட இல்லை, வைத்தான், முடி நழுவிக்கொண்டு வந்து விரலைச் சுற்றியது.

இன்றைக்குத்தான்.

அவன் அப்படியே இருந்தான். விளிம்பில் தூக்கிப் போட்டால் பத்து மணிக்குள் பாதித் தோல் வழித்து முடிந்துவிடும், நாளைக்கு நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது. போடாவிட்டால் நாளைக்குக் குழியில் இருப்பது தோல் இல்லை, கஞ்சி. கஞ்சிக்காக எந்த முதலாளி பேச வருவார்? இன்றைக்கே நிறுத்துங்கள் என்று எழுந்து சொன்னால் வாணியம்பாடி ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள், மத்தியான ரயிலில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மூன்று வழியும் தெரிந்தது. மூன்றும் சுவரில் போய் முட்டுவதும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

தோலை உள்ளே நழுவவிட்டான். மூங்கில் கழியை எடுத்துக் கலக்கினான். ஆட்கள் கலைந்து போனார்கள். அவன் கை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொய் சொன்னது. விரலில் ஒட்டியிருந்த முடியை வேட்டியில் துடைத்தான். அது போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிக்கும்வரை காத்திருந்து தேவசகாயத்தைத் தேடிப் போனான். வேப்பமரத்தடியில் நின்று விஷயத்தைச் சொன்னான். தேவசகாயத்தின் முகம் வெளுத்துவிட்டது. நாலு இடத்துக்குச் சொல்லியனுப்பிய நாளை எப்படி மாற்றுவது, ஒரே ஒரு நாள் பிடித்து வைக்க முடியாதா என்று கேட்டான்.

“அது என் கையிலயா இருக்குது?”

“ஒண்ணுமே பண்ண முடியாதா, அண்ணா?”

கன்னியப்பன் யோசித்தான். ஒன்று இருந்தது. கிணற்றிலிருந்து பச்சைத் தண்ணீரை இறைத்துக் குழியில் ஊற்றினால் சுண்ணாம்பின் வேகம் தணியும். ஒரு ராத்திரி தாங்கினாலும் தாங்கும், தாங்காவிட்டாலும் இல்லை. தேவசகாயத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. தான் இப்போதே ரயில் ஏறி வாணியம்பாடி போய், அவர்கள் நாளைக்குத் தவறாமல் வெளியே வருகிறார்களா என்று உறுதி செய்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் போனான். நேரம் கனிவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பேசியவன், இப்போது கனிந்ததைப் பச்சைத் தண்ணீர் ஊற்றி நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடுகிறானே என்று கன்னியப்பனுக்குத் தோன்றியது. அதைச் சொல்லிக்காட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

ஆட்களைக் கூப்பிட்டுத் தண்ணீர் இறைக்கச் சொன்னான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, சிலருக்குப் புரிந்திருக்கும். முப்பது குடம் ஊற்றியிருப்பார்கள். மத்தியானத் தொழுகை முடிந்து, தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தபடி நிசார் அஹமது சாயபு கிணற்றுப் பக்கமாக வந்தார். சாதாரணமாக அவர் அந்த வழியாக வருவதில்லை.

சாயபு இந்தக் குழிகளுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் கடைசி வரை தன் கையாலேயே பதம் பார்த்தவர். குடத்தோடு போகிற ஆட்களைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒரு கழுத்தை இழுத்துக் கட்டைவிரலை வைத்தார். கை நிறைய முடி வந்தது.

“எப்ப ஆச்சு?”

“காலையில, சாயபு.”

“காலையிலயே.” அவர் நிமிர்ந்தார். “ஆள் இல்லாதவன்தான் தண்ணி ஊத்துவான், கன்னியப்பா. காலரா வந்த வருஷம் எங்க அத்தா ஊத்தினாரு. இங்க இருபது பேர் நிக்கிறாங்களே. இன்னா விஷயம்?”

குடங்கள் நின்றுவிட்டன. தேவசகாயம் சொல்லிக்கொடுத்திருந்த வாசகம் ஒன்று இருந்தது, மரியாதையாகவும் உறுதியாகவும் ஆரம்பிக்கும். அதில் ஒரு சொல்கூட அந்த நேரத்தில் வரவில்லை. “நாளைக்குக் குழியில நிக்கமாட்டாங்க,” என்றான் கன்னியப்பன்.

“யார் சொன்னது?”

“நாள் சொன்னது நான்தான்.”

சாயபு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எதற்காக என்று மட்டும் கேட்டார். கன்னியப்பன் சுப்பராயனைப் பற்றிச் சொன்னான். கை வெந்தது, தான் வராதே என்றது, குமாஸ்தா ஆள் எடுத்தது, எல்லாம். சாயபு கேட்கக் கேட்க அவருடைய முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்து உட்கார்ந்தது. அவருக்கு இது எதுவுமே தெரியாது.

“மூணு வாரமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“நேரம் பார்த்து வர்றதுக்கு நான் இன்னா கலெக்டரா?” என்றார் சாயபு. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். சுப்பராயன் நாளைக் காலையிலிருந்து பட்டைக் கொட்டகைக்கு வரட்டும், குமாஸ்தாவிடம் தானே சொல்வதாகச் சொன்னார். இப்போது தோலை எடுக்கச் சொன்னார். கன்னியப்பன், மற்றவர்களுக்கு, என்று ஆரம்பித்தான். இனிமேல் கை வேகிறவர்கள் எல்லோருக்கும் அதே மாதிரி என்று ஒரு பேச்சு வேண்டும் என்றான். சாயபு தலையை ஆட்டினார், அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. “அதை அப்புறம் பேசலாம். பெரிய பேஜாரு அது. நாலு முதலாளிங்களைக் கேக்கணும். வெயிலைப் பாரு.”

கன்னியப்பன் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே நின்றால் சாயபு இரண்டாவதையும் கொடுத்துவிடுவாரோ? அல்லது முகம் மாறி, முதலில் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வாரோ? மனுஷ முகத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்க முடியாதே. இதுதான் அந்த நேரமா, இது அதற்கு முந்தியதா, அது காலையிலேயே போய்விட்டதா? தேவசகாயம் இங்கே இல்லை. எல்லம்மா சொன்னது மட்டும் காதில் இருந்தது.

அவன் குனிந்தான். தோலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். தண்ணீர் சொட்டச் சொட்ட அது விளிம்பில் வந்து விழுந்தது. நான்தான் போட்டேன் என்று பின்னால் அவன் பல தடவை சொல்லிப் பார்த்தான், அப்படிச் சொல்லும்போது அது உண்மை மாதிரி இருக்காது. நான் போடவில்லை என்று சொன்னால் அது பொய் மாதிரி இருக்கும். ஆட்கள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கத்தியை எடுத்தார்கள்.

இருட்டும்வரை வேலை ஓடியது. தோல் அத்தனையும் தப்பியது. சாயங்கால ரயில் வாணியம்பாடிப் பக்கம் கூவிக்கொண்டு போனபோதுதான், அங்கே சொல்லியனுப்பவில்லையே என்று அவனுக்கு உறைத்தது. கைகள் முழங்கை வரை முடியும் சுண்ணாம்புமாக இருந்தன. ரயில் சத்தம் தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்று கேட்டான்.

வியாழக்கிழமை காலை சுப்பராயன் பட்டைக் கொட்டகைக்கு வந்தான். துணி சுற்றிய கைகளால் உலக்கையைப் பிடித்து மெதுவாக இடித்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது. அவன் பெண்டாட்டி காலையில் வந்து கன்னியப்பன் வீட்டு வாசலில் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். எல்லம்மா தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டைக் கூடுதலாக வைத்தாள்.

மத்தியானம் தேவசகாயம் வந்தான். ராத்திரி முழுக்க வாணியம்பாடியிலேயே இருந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது, வேட்டி முழுக்கப் புழுதி. அங்கே சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் இரண்டு டேனரிகளிலிருந்து நாற்பத்திரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு டேனரிகளும் கதவைச் சாத்திக்கொண்டன. அங்கே குழியில் பதம் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது, முதலாளிகளுக்கு அவசரம் இல்லை. பத்து மணிக்கு மேல் ஆம்பூர்ச் சேதி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

“மேஸ்திரி அவரு மச்சானை உள்ள ஏத்திட்டாரு, கதவை நமக்குச் சாத்திட்டாருன்னு சொல்றாங்க, அண்ணா,” என்றான் தேவசகாயம். அவன் குரலில் கோபம் இல்லை. “நாம ஜெயிச்சோமா தோத்தோமா? எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க.”

பட்டைக் கொட்டகையில் உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. சுப்பராயன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா,” என்றான். “எனக்குன்னு தனியா யாரு கேக்கச் சொன்னது?”

அதற்கு எத்தனையோ பதில் உண்டு. உனக்காக இல்லை, உன் பிள்ளைகளுக்காக. அப்புறம் பேசலாம் என்று சாயபு சொன்னார். வெயில் அடித்தது. ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. தேவசகாயம் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை கன்னியப்பன் குழிப்பக்கம் போகாமல் நேராகச் சாயபுவின் அறைக்குப் போனான். அவர் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவன் வாசலில் நின்று பார்க்கவில்லை, உள்ளே போனான். வாணியம்பாடிக்குப் போகிறேன் என்றான். எப்போது திரும்புவாய் என்றார். தெரியவில்லை என்றான். இரண்டாம் குழியில் தோல் நாலாம் நாளில் இருக்கிறது, அதை யார் பார்ப்பது என்று கேட்டார்.

“உங்களுக்கே தெரியும் சாயபு. அன்னிக்குப் பார்த்தீங்களே.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அங்கே போய் உட்கார்ந்தால் திரும்பி வரும்போது இந்த இடம் இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை, வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார். கன்னியப்பன் தலையாட்டினான். வெளியே வந்தபோது சுப்பராயன் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். நீ வேண்டாம் என்று கன்னியப்பன் இரண்டு தடவை சொன்னான். அவன் கேட்காமல் பின்னாலேயே வந்தான். ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போய் என்ன சொல்வது என்று சுப்பராயன் கேட்டான்.

வாணியம்பாடியில் அந்த இரண்டு டேனரிகளில் ஒன்றின் வாசலில் ஒரு புளியமரம். அதன் நிழலில் நாற்பத்திரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் பசி முகத்தில் தெரிந்தது. வந்தது யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, பேச்சு ஓய்ந்தது. முன்னால் இருந்த ஒருவர், வயதானவர், கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“இப்ப எதுக்கு வந்தே?”

சுப்பராயன் கையில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். பெரியவர் பார்த்தார். அவருடைய கையும் அப்படித்தான் இருந்தது, அதனால் அவர் பார்த்ததில் புதிதாக ஒன்றும் இல்லை. அவர் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

உட்காரச் சொல்வார்களா என்று கன்னியப்பன் நின்று பார்த்தான். யாரும் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. மரத்தின் நிழல் அவன் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே முடிந்துவிட்டது. அங்கேயே, வெயிலில் உட்கார்ந்தான். சுப்பராயன் பக்கத்தில் உட்கார்ந்தான்.